அந்தப் படத்தில் இருக்கும் பெரியவர்களின் பெயர் என்ன?

முதியோர் இல்லம் நடத்தும் சமய அறக்கட்டளைகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கோவில், மடம், திருச்சபை, ஜமாத் என்று உங்களில் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு பக்தி இருக்கிறது. அந்தப் பக்தியை மதிக்கிறேன். யாரும் எடுத்துப் பார்க்காத வயதானவர்களை எடுத்துப் பார்க்கிறீர்கள். அதனால்தான் இந்த மடலை அரசாங்கத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் 31 வருஷம் திருநெல்வேலிப் பக்கம் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தவள், அதாவது அச்சாகும் முன் பிழை திருத்தியவள். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், அசன விருந்து நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டறிக்கை என்று எல்லாம் என் மேசைக்கு வந்துதான் மிஷினுக்குப் போகும். வெள்ளிவிழா, பொன்விழா மலர் என்றால் அதன் அமைப்பு எனக்கு மனப்பாடம். முதல் சில பக்கங்கள் ஆர்ட் பேப்பரில் வாழ்த்துச் செய்திகள். அடுத்து நிறுவனர் படம், அப்புறம் நிர்வாகக் குழு படம். அதன் கீழே ‘அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலமாக’ என்று தொடங்கி, பெயர், பட்டம், பொறுப்பு எல்லாம் ஒரு புள்ளி பிசகாமல் வர வேண்டும். ஒருவருடைய இனிஷியல் மாறிப்போனால் மறுநாள் காலையில் கடைவாசலில் ஆள் நிற்பார்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு முதியோர் இல்லத்தின் பொன்விழா மலர் வந்தது. சமய அறக்கட்டளை ஒன்று நடத்துகிற இல்லம். அப்போது என் பெரியம்மா அங்கேதான் இருந்தார். அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் கவனமாகவே பார்த்தேன். 47ஆம் பக்கத்தில் முற்றத்து வேப்பமரத்தடியில் எடுத்த ஒரு படம். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள், பின்னால் நிற்பவர்கள் என்று மொத்தம் 38 பேர். பெரியம்மா இரண்டாவது வரிசையில் இருந்தார். படத்துக்குக் கீழே ‘நம் இல்லத்துப் பெரியோர்’ என்று ஒரே வரி. பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து அலுவலகத்துக்குப் போன் போட்டேன். “அதெல்லாம் வேண்டாம்மா. அவங்க வந்துபோறவங்கதானே” என்றார் எடுத்தவர். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்ப் பெரியம்மா கையில் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், எழுத்துக்கூட்டி வாசிப்பார். தன் படத்தைக் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்துபோனது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் விரலைப் படத்துக்குக் கீழே வைத்து அந்த ஒரு வரியை வாசித்தார். முன் பக்கத்துக்குப் போய் நிர்வாகக் குழுவின் படத்தையும் அதன் கீழே இருந்த ஏழு வரிகளையும் பார்த்தார். “எங்க பேரு போடலியாடி?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மெய்ப்பு பார்த்தது நான்தான் என்று அவருக்குத் தெரியும்.

இதை எழுத வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான். ஆனால் என் மனக்குறையை மட்டும் எழுதினால் போதாது என்று இத்தனை நாள் வைத்திருந்தேன். இப்போது எழுதத் துணிந்ததற்குக் காரணம், உங்களைப் போலவே பக்தியால் முதியோர் இல்லம் நடத்தும் ஒரு சபையின் கதை.

சென்னை சேத்துப்பட்டில் ஹாரிங்டன் சாலைப் பக்கம் போனவர்கள் ‘லிட்டில் சிஸ்டர்ஸ்’ இல்லத்தைப் பார்த்திருப்பார்கள். ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ என்ற கத்தோலிக்கச் சபை. 2009 அக்டோபரில் ரோமில் அந்தச் சபையை நிறுவியவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் ஒரு சின்னப் பிரசுரம் எங்கள் அச்சகத்துக்கு வந்தது. நான் வேதக்காரி இல்லை. ‘ஜான்’ என்று போடுவதா ‘ழான்’ என்று போடுவதா, ஆண் பெயர் மாதிரி இருக்கிறதே என்று சந்தேகம் கேட்கப்போய்தான் அந்தக் கதைக்குள்ளேயே போய்விட்டேன். ழான் ஜுகான் என்பது ஒரு பெண்ணின் பெயர். அந்தப் பெயரைத்தான் அவர் தொடங்கிய வீடே ஒருகாலத்தில் மறைத்து வைத்திருந்தது.

பிரான்சின் வடமேற்கில் பிரித்தானி என்ற கடலோரப் பகுதி. அங்கே கான்கால் என்ற மீனவர் ஊரில் 1792இல் பிறந்தவர் ழான். நினைவு தெரிகிற வயதுக்கு முன்பே கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. நம் இடிந்தகரையிலும் கூத்தங்குழியிலும் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பதினைந்து பதினாறு வயதில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை. பெண் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பினார். 25 வயதில் பக்கத்திலிருந்த சான் செர்வான் என்ற துறைமுக ஊருக்குப் போய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். பிறகு ஒரு வயதான அம்மாள் வீட்டில் 12 வருஷம் துணையாக இருந்தார். அந்த அம்மாளும் 1835இல் இறந்துபோக, இன்னொரு வயதான பெண்மணியோடு சேர்ந்து மாடியில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தார். கிடைத்த வீட்டில் துணி துவைத்து, நூல் நூற்றுப் பிழைப்பு. வயது 47 ஆகிவிட்டது. நம் ஊர்க் கணக்கில், இனி இவள் வாழ்க்கையில் என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிவிடுகிற வயது.

1839 குளிர்காலத்தில் ஆன் ஷோவேன் என்ற கண் தெரியாத, உடம்பில் ஒரு பாகம் விளங்காத கிழவியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த வீட்டுப் படி குறுகலானது. தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது. மேலே கொண்டுபோய்த் தன் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, தான் பரண் மாதிரியான மேல்தட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். இன்றைக்கு உலகமெங்கும் இருக்கிற அந்தச் சபையின் தொடக்கம் இவ்வளவுதான். அடிக்கல், தீர்மானம், நன்கொடையாளர் கூட்டம் எதுவும் கிடையாது. அடுத்து வந்தவர் இசபெல் கெரு. வேலைக்காரியாக இருந்தவர். எஜமானர்கள் நொடித்துப்போன பிறகும் சம்பளமில்லாமல் அவர்களைக் கவனித்து, தன் சேமிப்பையும் அவர்களுக்கே செலவழித்து, கடைசியில் அவர்களுக்காகப் பிச்சையும் எடுத்தவர். எஜமானர்கள் இறந்த பிறகு அவரைப் பார்க்க நாதியில்லை.

1841இல் தரைத்தளத்தில் பெரிய அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். அதில் பன்னிரண்டு கிழவிகள். மறுவருஷமே ஒரு பழைய கன்னியர் மடத்தை வாங்கிக் குடியேறினார்கள். இத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வந்தவர்களில் பலர் ஏற்கெனவே பிச்சையெடுத்துப் பிழைத்தவர்கள். ஒவ்வொருவருக்கும் வாடிக்கையாகப் போடுகிற சில வீடுகள் இருந்தன. ‘உங்களுக்குப் போடுகிறவர்கள் யார் யார், சொல்லுங்கள். இனி உங்களுக்குப் பதிலாக நான் போகிறேன்’ என்று அந்த வீடுகளின் விவரத்தை அவர்களிடமே கேட்டு வாங்கிக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார் ழான். பிச்சை எடுக்கும் கூச்சத்தை அவர்கள் தலையிலிருந்து இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். ஒருவர் எரிச்சலில் கன்னத்தில் அறைந்தபோது, “இது எனக்கு. இனி என் ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள்” என்று கேட்டதாகச் சபையில் சொல்வார்கள். ஐயா, அம்மா, இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

இனி வருவதுதான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியது.

அந்த ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, மேயர் உட்பட, ழானைப் பற்றி ஒரு விண்ணப்பம் எழுதிப் பாரீசிலுள்ள பிரெஞ்சு அகாடமி என்ற அறிஞர் மன்றத்துக்கு அனுப்பினார்கள். நற்செயலுக்காக அகாடமி கொடுக்கும் மோந்தியோன் பரிசு என்று ஒன்று உண்டு. 1845 டிசம்பரில் அந்தப் பரிசும் 3,000 பிராங்கும் ழானுக்குக் கிடைத்தன. அந்த விண்ணப்பத்தில் அந்த ஊர்க்காரர்கள் செய்த ஒரு நல்ல காரியம், இத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று எண்ணிக்கையோடு நிறுத்தாமல் ஆட்களைப் பெயர் சொல்லி எழுதியது. ரொடோல்ஃப் லெனே என்று ஒரு 72 வயதுப் பழைய கப்பல்காரர், வெளிச்சமில்லாத ஈரப் பொந்தில் கிடந்தவர், எப்படி மீட்கப்பட்டார் என்று அதில் இருக்கிறது. இசபெல் கெருவின் கதை இருக்கிறது. 180 வருஷம் தாண்டியும், ஒரு சம்பந்தமும் இல்லாத நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அவர்கள் பெயரை எழுத முடிவது அதனால்தான்.

ஆனால் ழானின் பெயருக்கு வேறு கதி நேர்ந்தது. சபைக்கு வழிகாட்டியாக இருந்தவர் லெ பையர் என்ற இளம் பாதிரியார். 1843 டிசம்பர் 8ஆம் தேதி, ழானோடு சேர்ந்து சேவை செய்துவந்த சகோதரிகள் அவரையே மறுபடியும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து, 23ஆம் தேதி, அந்தத் தேர்தல் செல்லாது என்று சொல்லி, மரி ழமே என்ற 23 வயதுப் பெண்ணைத் தலைவியாக்கினார் பாதிரியார். ழான் எதிர்த்துப் பேசவில்லை. மறுபடியும் கூடையோடு ஊர் ஊராகப் போனார். ரென், தினான், தூர், ஆன்ஜே என்று புதுப்புது வீடுகள் திறந்தன. 1852இல் கூடையையும் கீழே வைத்துவிட்டுத் தலைமை இல்லத்துக்கு வரச் சொன்னார்கள். அப்போதிருந்து 27 வருஷம் எந்தப் பொறுப்பும் இல்லாமல், புதிதாகச் சேரும் இளம்பெண்களோடு ஒருவராக இருந்தார். இந்தக் கிழவிதான் இதையெல்லாம் தொடங்கியவர் என்று கூட இருந்த பெண்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. பாதிரியாரும் இரண்டு இளம்பெண்களும் தொடங்கினார்கள், ழான் பிறகு வந்து சேர்ந்தார் என்று வரலாறே மாற்றி எழுதப்பட்டது. 1879 ஆகஸ்ட் 29ஆம் தேதி, 86 வயதில் அவர் இறந்தபோது சபையில் சுமார் 2,400 சகோதரிகள் இருந்தார்கள்.

1890இல் ரோம் லெ பையரைப் பொறுப்பிலிருந்து விலக்கி அழைத்துக்கொண்டது. உண்மை மெல்ல வெளியே வந்தது. தொடக்க காலத்திலேயே அச்சில் ஏறிய பெயர் அழியவில்லை. அகாடமியின் பரிசு பாதிரியாருக்கோ மரி ழமேக்கோ போகவில்லை, ழான் ஜுகானுக்குத்தான் போனது என்று தாள் சொன்னது. அச்சுத் தொழிலில் இருந்தவள் என்பதால் இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. எழுதி வைத்த பெயர்தான் 40 வருஷப் பொய்யைத் தாண்டி நின்றது. அந்தச் சபையும் இன்றைக்கு இந்தக் கதையை மறைக்காமல், தங்கள் பக்கம் தவறு நடந்த காலத்தையும் சேர்த்தே சொல்கிறது. அதற்காக அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அவர்கள் 1882இல் கல்கத்தாவுக்கு வந்தார்கள். 1888இல் கொழும்பு, 1900இல் பெங்களூரு. அன்னை தெரேசா லொரேட்டோ மடத்தை விட்டு வெளியேறி, 1948 டிசம்பரில் கல்கத்தாவில் தங்க இடமில்லாமல் இருந்தபோது, இந்தச் சகோதரிகளின் முதியோர் இல்லத்தில்தான் தங்கி, அங்கிருந்து தினமும் சேரிக்குப் போய்வந்தார். இந்தச் சகோதரிகளின் இல்லத்தில் சேர அறுபது தாண்டிய ஏழை என்றால் போதும், என்ன சாதி, என்ன மதம் என்று கேட்பதில்லை. ஏதாவது சாமான் தீரப்போகிறது என்றால் அதில் ஒரு துளியைச் சூசையப்பர் சுரூபத்தின், அதாவது இயேசுவின் வளர்ப்புத் தந்தை சிலையின், காலடியில் வைத்து வேண்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். ஆன்ஜேயில் வயதானவர்கள் வெறும் ரொட்டியைத் தின்பதைப் பார்த்துவிட்டு, காலி வெண்ணெய்ச் சட்டிகளைச் சுரூபத்தின் முன் ழான் அடுக்கி வைத்தார் என்ற கதையிலிருந்து வந்த வழக்கம் அது.

1865இல் அவர்களுக்கும் ஒரு சோதனை வந்தது. சபை பெரிதாகிவிட்டது, நிரந்தர வருமானம் வருகிற சொத்துகளை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி. அந்த ஒரு தடவை மட்டும் ஒதுக்கி வைத்திருந்த ழானை ஆலோசனைக்குக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்றார். நிரந்தர வருமானம் கூடாது, நாளன்றைக்குக் கிடைப்பதை வைத்தே நடத்துவோம் என்று முடிவானது.

உங்களையும் அப்படியே செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. கரண்ட் பில், நர்ஸ் சம்பளம், டயப்பர், ஆம்புலன்ஸ் என்று இன்றைய செலவு எனக்குத் தெரியும். பெரியம்மாவுக்கு மாதாமாதம் கட்டியவள் நான். வசதியுள்ளவர்களிடம் டெபாசிட் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் ஏழைகளுக்காக என்று தொடங்கிய இல்லத்தில், ஒவ்வொரு அறையாக ‘அட்டாச்டு பாத்ரூம், ஏசி’ என்று மாறி, கடைசியில் இலவசக் கட்டில் ஒன்றுகூட இல்லாமல் போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். யாரும் ஒரே நாளில் எடுத்த முடிவில்லை. இந்த இல்லம் யாருக்காகத் திறந்தது என்பது மறந்துபோனதால் நடந்தது. மலரில் நிறுவனர் பெயரும் நன்கொடையாளர் பெயரும் மட்டும் இருந்தால் அது மறந்துதான் போகும்.

மலர் வெளியான அடுத்த வருஷம், அந்த இல்லத்தின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க ஒரே ஒரு மதியம் எனக்கு வாய்த்தது. அலமாரிக்கு மேலே, ஓரம் கரையான் அரித்து, காக்கி அட்டையோடு இருந்தது. நீல மையில் கோடு போட்டுக் கட்டம் பிரித்திருந்தார்கள். பெயர், வயது, ஊர், யார் கொண்டுவந்து சேர்த்தது, கொண்டுவந்த பொருட்கள், வெளியேறிய தேதி. முதல் வரியில் ஒரு பெண்ணின் பெயர். அவர் குடும்பத்தைக் கேட்காமல் அதை இங்கே எழுதக் கூடாது. வயது ‘70 இருக்கலாம்’. சேர்த்தவர் ‘பஸ் கண்டக்டர்’. கொண்டுவந்த பொருட்கள் ‘பித்தளைச் செம்பு 1, போர்வை 1, வெற்றிலைப் பெட்டி 1’. வெளியேறிய தேதி என்ற கட்டத்தில் ஒரு தேதியும் ‘காலமானார்’ என்ற சொல்லும். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் அந்தச் சொல்தான். வந்துபோகிறவர்கள் என்று போனில் சொன்னாரே, அவர்கள் எங்கேயும் போகவில்லை. கடைசி மூச்சு வரை அங்கேயேதான் இருந்திருக்கிறார்கள். 50 பக்க மலருக்கு வேண்டிய வரலாறு அந்த ஒரு வரியில் இருந்தது. வழியில் கிடந்தவரை இறக்கிவிட்டுப் போகாமல் கொண்டுவந்து சேர்த்த அந்தக் கண்டக்டரையும் மலரில் யாரும் நினைக்கவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். பழைய பதிவேடுகளை எடைக்குப் போடாதீர்கள். ஸ்கேன் எடுக்க வசதியில்லை என்றால் கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தாவது வையுங்கள். அடுத்த விழா மலரில், விருப்பமுள்ள எல்லோருடைய பெயரையும் படத்துக்குக் கீழே போடுங்கள். சிலருக்கு விருப்பம் இருக்காது. பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்பார்கள், இங்கே இருப்பது வெட்கம் என்பார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் ஒவ்வொருவரிடமும் போய்க் கேளுங்கள். அப்படிக் கேட்பதே அவர்களுக்கு எவ்வளவு பெரிய மரியாதை என்று பார்ப்பீர்கள். பெயரைச் சரியாக எழுத, மெய்ப்பு பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். பைசா வேண்டாம். இல்லத்தின் வரலாற்றைத் திரும்ப எழுதும்போது, முதல் ஆள் யார், அவரைக் கொண்டுவந்தது யார், அவருக்குத் தன் இடத்தைக் கொடுத்தது யார் என்று அங்கிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு இல்லத்திலும் ஓர் ஆன் ஷோவேன் இருந்திருப்பார்.

பெரியம்மா இரண்டு வருஷத்துக்கு முன் போய்ச்சேர்ந்தார். அந்த மலரைக் கடைசி வரை தலையணைக்கு அடியில்தான் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேனாவைக் கொடுத்து, “நான் சொல்றேன், நீ எழுது” என்றார். அறைத்தோழிகள் நாலைந்து பேர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, இவர் அவர் என்று விரல் வைத்துச் சொல்லச் சொல்ல, 47ஆம் பக்கத்துப் படத்தின் கீழே இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டே வந்தேன். 35 பேர் பெயர் கிடைத்தது. முன்வரிசையில் ஓரத்து நாற்காலியில் கண்ணாடி போட்டிருப்பவர், கடைசி வரிசையில் வேப்பமரத்தை ஒட்டி ஊன்றுகோலோடு நிற்பவர், அவருக்குப் பக்கத்தில் தலையில் துண்டு கட்டியவர், இந்த மூன்று பேரை யாருக்கும் நினைவில்லை. அந்த மூன்று இடத்தையும் கோடு போட்டு விட்டு வைத்திருக்கிறேன். அந்த இல்லத்து நிர்வாகிகள் இதைப் படித்தால், அலுவலகத்தில் விசாரித்து, பதிவேட்டையும் பார்த்து, அவர்கள் பெயரை எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்